ஆச்சு, நீங்க சாப்பிடுங்க

கல்பாக்கம்,
13.7.1997

அன்பு மகள் சங்கரிக்கு அப்பா செங்கல்வராயன் எழுதுவது.

இந்தக் கடிதம் கிடைக்கும்போது நீ காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மாவும் அனுவும் சுகம். நானும் சுகம்தான், என் சுகத்தில் மட்டும் கொஞ்சம் சர்க்கரை கலந்திருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பதினெட்டு வருஷம் ஆபீஸ் பஸ் ஓட்டியதற்குக் கடைசியில் குவார்ட்டர்ஸ் கொடுத்துவிட்டார்கள். செங்கல்பட்டு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன வாரம் வந்து சேர்ந்தோம். கீழ்த்தளம். பின்பக்கம் கம்பிவலைக் கதவு. அதைத் திறந்தால் துணி துவைக்கிற கல், குழாய், அப்புறம் சவுக்குத் தோப்பு, தோப்புக்குப் பின்னால் கடல். அலைச் சத்தத்தில் என் குறட்டை கேட்கவில்லை என்று உன் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

வந்த கையோடு டாக்டரிடம் மாட்டிக்கொண்டேன். சர்க்கரை 286. "என்னதான் சாப்பிடுறீங்க?" என்றார். சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடை போண்டா, செங்கல்பட்டு ஸ்டாண்ட் பரோட்டா, திருக்கழுக்குன்றத்து மசால் தோசை என்று ரூட் சார்ட் மாதிரி ஒப்பித்தேன். பத்தாம் கிளாஸ் பரீட்சையில்கூட நான் இவ்வளவு நேர்மையாகப் பதில் எழுதியதில்லை. "இப்படியே போனா அஞ்சு வருஷம் தாங்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நம் வீட்டில் சாப்பிடுகிற லட்சணம் உனக்குத் தெரியும். அனு டிவி முன்னால். உன் அம்மா அடுப்படியில் நின்றபடியே. நான் எப்போதோ வந்து ஆறிப்போனதை. நீ படிப்பது சாப்பாட்டுப் படிப்புத்தானே? காலேஜில் மார்க் வாங்குவதற்கு முன்னால் அப்பன் உடம்பில் கொஞ்சம் பரிசோதனை செய்து பார்.

இப்படிக்கு, உன் சர்க்கரை அப்பா.


கோயம்புத்தூர்,
21.7.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

286 என்று படித்ததும் எனக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நீங்கள் இதிலும் சிரிப்புக் காட்டுகிறீர்கள். உங்கள் உடம்பு, அம்மாவின் முட்டிவலி, அனுவின் படிப்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள்.

இப்போது நான் டீச்சர், நீங்கள் மாணவர். போண்டா, பரோட்டா இன்றோடு முடிந்தது. தட்டில் பாதி காயும் கீரையும். மீதிப் பாதியில்தான் சோறும் பருப்பும் மீனும். மீன் குழம்பாக மட்டும், வறுவல் கிடையாது. உப்பு பாதி. வாரம் இரண்டு நாள் கேழ்வரகு அடை.

இதையெல்லாம்விட முக்கியம் ஒன்று. எட்டு மணிக்கு டிவியை அணைத்துவிட்டு மூன்று பேரும் ஒன்றாகத் தரையில் உட்கார வேண்டும். ஒன்றாகச் சாப்பிட்டால் அளவோடு சாப்பிடுவோம் என்று எங்கள் மேடம் சொல்கிறார்கள். பந்தியில் கடைசி ஆள் முடிக்கும்வரை எழுந்திருப்பது அவமரியாதை என்று கல்யாண வீடுகளில் எங்களைப் பிடித்து உட்கார வைப்பீர்களே, அதே சட்டம் இனி நம் வீட்டிலும்.

நான் அங்கே இல்லாவிட்டாலும் எட்டு மணிக்கு மெஸ்ஸில் உட்காருவேன். நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிடுவதாகத்தான் கணக்கு.

உங்கள் மகள் சங்கரி.


கல்பாக்கம்,
5.8.1997

அன்பு டீச்சரம்மாவுக்கு மாணவன் செங்கல்வராயன் வணக்கத்துடன் எழுதுவது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காகச் சாப்பிடாமல் கிடக்காதே. அதற்குத்தான் நான் பட்டினி கிடக்கிறேன்.

வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிட்டோம். கூடத்தில் பாய் விரித்து, டிவிக்குத் துணி போட்டு மூடியாயிற்று. சுரைக்காய்க் கூட்டு, முருங்கைக் கீரை, கொள்ளு ரசம். உன் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. பழக்க தோஷத்தில் உன் பெயர் வெட்டிய தட்டையும் சேர்த்து நாலு தட்டு வைத்துவிட்டாள். "இருக்கட்டும் உடு, பொண்ணு கோயமுத்தூர்லேர்ந்து பாக்குறா" என்றேன். அவளும் அதில் ஒரு பிடி சோறு போட்டு, ஓரத்தில் உப்பும் வைத்தாள்.

பாதிச் சாப்பாட்டில் பின்கதவுப் பக்கம் யாரோ வந்து நிற்கிற மாதிரி நிழல் தட்டியது. மளிகைக்கடை சௌகத் அலி சாமான் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அவன்தான் என்று நினைத்து, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, திரும்பாமலே "வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

இதில் தப்பென்ன? நாம் சாப்பிடும்போது வாசலுக்கு யார் வந்தாலும் கூப்பிடுவோம். வந்தவரும் "ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்பார். அவர் பட்டினியாகவே இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். கூப்பிடுகிறவனுக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும். இந்த ஒரு பதில் இருப்பதால்தான் நாம் எல்லாரும் தைரியமாகக் கூப்பிடுகிறோம்.

பதிலே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், ஆளில்லை. கம்பிவலைக் கதவு மட்டும் மெதுவாகச் சாத்திக்கொண்டது. உன் அம்மா, "இன்னாங்க, யாரு?" என்றாள். "யாரோ மருவாதி தெரியாதவன்" என்று சொல்லிவிட்டுக் கீரையைத் தொடர்ந்தேன். சௌகத் அலி மறுநாள்தான் வந்தான்.

கீரை நன்றாகத்தான் இருந்தது. மற்றபடி விசேஷமில்லை. உனக்கு அடுத்த வாரம் பரீட்சை என்றாயே, நன்றாக எழுது.

அப்பா.


கல்பாக்கம்,
16.9.1997

அன்பு மகள் சங்கரிக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சாப்பிட்டு எழுந்திருக்கவே நேரமாகிவிடுகிறது. நீ நலம்தானே?

முதலில் நல்ல செய்தி. சர்க்கரை 286 போய் 168. டாக்டர் என்னை எழுப்பி நிற்க வைத்து மற்ற நோயாளிகளுக்குக் காட்டினார். ஸ்கூலில் பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறேன், பெருமைக்காக நின்றது இதுதான் முதல் தடவை. உன் அம்மாவுக்கு முட்டிவலி போன இடம் தெரியவில்லை. அனு பாகற்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். எட்டடிக்கும்போது எங்கே இருந்தாலும் மூவருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்துவிடுகிறது. வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. போன வாரம் ஆசைக்கு ஒரு போண்டாவைக் கடித்தேன், மணலை மென்ற மாதிரி இருந்தது, துப்பிவிட்டேன். உன் வைத்தியம் பலமான வைத்தியம்.

அரிசி மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. மூன்று ஆழாக்குப் போட்ட உன் அம்மா இப்போது நாலரை போடுகிறாள். மிச்சம் இருப்பதில்லை. நான்தான் திருடித் தின்கிறேன் என்று அனு கிண்டல் செய்கிறாள். ஆனால் எனக்கு பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது.

உப்பைக் குறைக்கச் சொன்னாய். சமையலில் குறைத்தாயிற்று. உன் தட்டு ஓரத்தில் வைக்கிற உப்பு மட்டும் குறைய மாட்டேன் என்கிறது. கிள்ளிப் போட்டால் காலையில் கைப்பிடி இருக்கிறது. கடற்காற்றுக்கு அப்படித்தான் பூக்கும் போலிருக்கிறது. பாயைச் சுற்றி ஈரமணல். அதுவும் காற்றுதான்.

மற்றபடி நாங்கள் நாலு பேரும் ஒற்றுமையாகச் சாப்பிடுகிறோம். நீ கவலைப்படாமல் படி.

அப்பா.


கோயம்புத்தூர்,
24.9.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். 168 என்று படித்ததும் மெஸ்ஸில் எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். "நாங்கள் நாலு பேரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைச் சேர்த்தா? நான் விளையாட்டாகச் சொன்னதற்காகத் தினமும் என் தட்டில் சோறு போடுகிறீர்களா? அந்தச் சோறு எங்கே போகிறது? காகத்துக்கா, நாய்க்கா? அம்மா ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?

தீபாவளிக்கு 28ஆம் தேதி புறப்பட்டு வருகிறேன். என் தட்டில் நானே சாப்பிடுகிறேன்.

சங்கரி.


கல்பாக்கம்,
8.10.1997

அன்பு மகளுக்கு,

சௌக்கியமாக இருக்கிறாயா? நாலு பேர் என்று எழுதியது கைத் தவறு. எனக்குக் கணக்கு வராது என்று எங்கள் ஹெட்மாஸ்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தீபாவளிக்கு வர வேண்டாம். அனுவுக்கு அம்மை போட்டிருக்கிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு வேறு அடிக்கிறார்கள். தண்ணீரும் சரியாக வருவதில்லை. அங்கேயே தோழி வீட்டுக்குப் போய்வா. நான் ஓர் அன்பான அப்பா, ஆனாலும் இந்தத் தடவை வராதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா.


கல்பாக்கம்,
16.11.1997

அன்புள்ள அக்காவுக்கு அனு எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? எனக்கு அம்மை எல்லாம் போடலை. அப்பா பொய் சொன்னார். இதை நான் கணக்கு நோட்டில் ஒளித்து வைத்து எழுதி, ஸ்கூல் பக்கத்துத் தபால் பெட்டியில் போடுகிறேன்.

உன் தட்டில் யாரோ சாப்பிடுறாங்க அக்கா. கண்ணுக்குத் தெரியாது. சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், மணலில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. நாம் பார்க்கும்போது குறையாது. தண்ணீர் எடுக்கத் திரும்பினால் குறைந்திருக்கும். ரொம்ப மெதுவாகச் சாப்பிடும். அது முடிக்கும்வரைக்கும் நாங்கள் எழுந்திருக்கக் கூடாது. முதலில் அரை மணி நேரம் ஆச்சு. இப்போ ரெண்டு மணி நேரம் ஆகுது. கை காய்ந்துபோகும். நான் அழாமல் இருக்கணும் என்று அப்பா பஸ்ஸில் நடந்த கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பார். நாங்கள் சிரித்தால் அந்தப் பக்கமும் கொஞ்சம் லேட்டாகச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் அம்மா உன் தட்டைப் பரண் மேல் போட்டுவிட்டாள். அன்றைக்கு எங்களுக்கு ஒரு வாய்கூட இறங்கலை. எல்லாமே மணலா இருந்தது. மறுநாள் காலையிலும் அப்படித்தான். ராத்திரி அம்மா அழுதுகொண்டே தட்டை எடுத்து வைத்தாள். உடனே ரசம் வாசனை வந்தது.

அம்மா, "எழுந்து போன்னு சொல்லுங்களேன்" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா, "கூப்ட்டது நான்டி. சாப்புடற ஆளை எப்டி எழுப்புறது?" என்றார். அதற்கப்புறம் வெளியே போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் நின்றார்.

நீ வராதே என்று சொல்லத்தான் எழுதினேன். நீ வந்தால் உனக்கு உட்கார இடம் இல்லை.

அனு.


கோயம்புத்தூர்,
14.12.1997

அன்புள்ள அப்பாவுக்கு,

அனுவின் கடிதம் வந்தது. அவளைத் திட்டாதீர்கள். படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் மூன்று வாரம் உங்களுக்கு எழுத முடியவில்லை. அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. சின்ன விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு மெஸ்ஸுக்குப் பின்னால் தட்டுக் கழுவுகிற இடத்தில் நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வாம்மா, சாப்பிடலாம்" என்று யாரோ கூப்பிட்டார்கள். உங்கள் குரல், அப்பா. நீங்கள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு கூப்பிடுவீர்களே, அந்தக் குரலேதான். சொல்லாமல் என்னைப் பார்க்க வந்துவிட்டீர்கள் என்று நினைத்து, சந்தோஷத்தில் "இதோ வரேம்பா" என்று கத்தினேன். சுற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தால் யாருமில்லை. வெறும் முள்செடி. தரை மட்டும் ஈரமாக இருந்தது. கடல் வாசனை அடித்தது. கோயம்புத்தூரில் ஏதப்பா கடல்?

நீங்கள் நலமா? அம்மா நலமா? நான் பொங்கலுக்கு வருகிறேன்.

சங்கரி.


கல்பாக்கம்,
18.12.1997

சங்கரி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை மட்டும் படி.

இனி யார் சாப்பிடக் கூப்பிட்டாலும், தோழியாக இருந்தாலும், என் குரலாக இருந்தாலும், முகத்தைப் பார்க்காமல் "வரேன்" என்று சொல்லாதே. "ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல். பசித்தாலும் அப்படியே சொல். எட்டு மணிக்குத் தனியாக வெளியே நிற்காதே. பொங்கலுக்கு நான் எழுதினால் வா. எழுதாவிட்டால் வராதே.

இதுவரை யாரிடமும் வாய் திறக்காதவன் இன்று சௌகத் அலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். கடையைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான். "இன்னா அண்ணாத்த இது! அஞ்சு மாசமா உன் வூட்ல துன்னுதுன்னா, ஒரு நாள் அது உன்னிய திருப்பிக் கூப்புடாதா? மருவாதின்னு ஒண்ணு கீதுல்ல? யார் தட்டுல துன்னுதோ அவங்களத்தான் கூப்புடும்" என்றான்.

தட்டில் இருப்பது உன் பெயர். என் மரமண்டைக்கு இது தோன்றவில்லை. நீயும் "வரேன்" என்று சொல்லிவிட்டாய். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா.


கல்பாக்கம்,
14.1.1998

அன்பு மகள் சங்கரிக்குப் பொங்கல் வாழ்த்துடன் அப்பா எழுதுவது.

நீ நலம் என்று வார்டனுக்கு போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே எல்லாரும் நலம். இந்தத் தடவை உண்மையாகவே நலம். பொங்கலுக்கு வர முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள். அடுத்த லீவுக்குத் தாராளமாக வா.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ விடமாட்டாய்.

திங்கட்கிழமை உன் தட்டை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் போனேன். பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை வெட்டச் சொன்னேன். பாதியில் நிமிர்ந்து, "அண்ணாத்த, தட்டு சின்னது, பேரு நீட்டு. இன்னா பண்றது?" என்றார். விளிம்பில் 'செங்கல்வரா' வரைக்கும்தான் இடம். 'யன்' தட்டுக்கு அடியில் இருக்கிறது. ஐந்து மாதம் கழித்து அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

எட்டு மணிக்கு அந்தத் தட்டை வைத்து, நானே பரிமாறினேன். காராமணிக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். எதிரே உட்கார்ந்து சொன்னேன்: "அவ சின்னப் பொண்ணு. தெரியாம வரேன்னுட்டா. கூப்ட்டவன் நான். வரவேண்டியவனும் நான்தான். இன்னொரு நாள் கண்டிப்பா வரேன்."

இதுவும் நாம் எல்லாரிடமும் சொல்வதுதானே? "இன்னொரு நாள் கண்டிப்பா வரோம்." எத்தனை வீட்டுக்குச் சொல்லியிருக்கிறோம்! ஒருத்தர் வீட்டுக்காவது போயிருக்கிறோமா? நம் ஆட்களின் மரியாதையில் நான் மாட்டிக்கொண்டேன், அதே மரியாதையில் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அப்புறம், "என்னைக்கு?" என்று கேட்டது.

என் குரல்தான். உன் அம்மா நானேதான் கேட்டுக்கொண்டேன் என்று இன்றுவரை சாதிக்கிறாள். இருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, சங்கரி. "கண்டிப்பா வரேன்" என்றால் "என்னைக்கு" என்று கேட்கக் கூடாது. அது தெரியாத ஆள் அது.

சுவரில் காலண்டர் தொங்கியது. பார்த்து ஒரு நாளைச் சொன்னேன். கொஞ்சம் தள்ளித்தான் சொன்னேன், உன் அப்பா பேரம் பேசுவதில் மட்டும் படித்தவன். எந்த நாள் என்பது உனக்கு எதற்கு?

டம்ளர் கவிழ்ந்தது. கம்பிவலைக் கதவு திறந்து சாத்தியது. பின்னால் குழாயடியில் யாரோ கை கழுவுகிற சத்தம் கேட்டது, நிதானமாக, ஒவ்வொரு விரலாக. அப்புறம் அலைச் சத்தம் மட்டும்தான். அனு என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாளிலிருந்து மூன்று ஆழாக்கு அரிசி போதுகிறது.

அப்பா.


ஓசூர்,
5.12.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கேட்டால் ஜோக் அடித்துத் தப்பித்துவிடுகிறீர்கள். அதனால்தான் பழையபடி கடிதம். நானும் நலம், அவரும் நலம். வயிற்றுக்குள் இருப்பது உதைத்துக்கொண்டே நலம்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவது உலகத்தில் இல்லாத வழக்கமா? அதற்கு மாறாக அம்மாவையும் அனுவையும் 22ஆம் தேதியே இங்கே அனுப்புகிறேன் என்கிறீர்கள். நீங்கள் மட்டும் தனியாக அங்கே ஏன்? நான் பள்ளிப் பிள்ளை இல்லை, அப்பா. அந்தத் தட்டைப் பற்றி நாம் யாரும் பேசுவதில்லை. அதில் யாரையும் நீங்கள் சாப்பிட விட்டதில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

இன்னொன்று. உங்கள் ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏழு வருஷமாகச் சர்க்கரை 112. ஒரு தடவைகூட 111 இல்லை, 113 இல்லை. நான் டயட்டீஷியன் அப்பா, தினம் நூறு ரிப்போர்ட் பார்க்கிறேன். உயிரோடு இருக்கிற யாருக்கும் அப்படி நிற்காது.

உண்மையை எழுதுங்கள்.

சங்கரி.


கல்பாக்கம்,
24.12.2004

அன்பு மகள் சங்கரிக்கு உன் அப்பா செங்கல்வராயன் ஆசிகளுடன் எழுதுவது.

உன் அம்மாவும் அனுவும் பத்திரமாக வந்து சேர்ந்ததாக போன் வந்தது. உன் அம்மா கையால் சாப்பிடு. கீரையை விடாதே. இரும்புச் சத்து என்று நீயே ஊருக்கெல்லாம் சொல்கிறாய்.

இதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசித் தபால் எடுத்த பிறகு பெட்டியில் போடுகிறேன். நாளை கிறிஸ்துமஸ் லீவு, மறுநாள் ஞாயிறு. எப்படிப் பார்த்தாலும் செவ்வாய்க்கு முன்னால் உன் கைக்கு வராது. போனில் சொன்னால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

அன்றைக்குக் காலண்டரைப் பார்த்துச் சொன்னது, அதிலிருந்து ஏழாவது மார்கழி, பௌர்ணமி. டாக்டர் அஞ்சு என்றார், நான் ஏழு கேட்டேன். அதற்குள் நீ வேலைக்குப் போய்விடுவாய், அனு காலேஜில் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஹெட்மாஸ்டர் சொன்னது தப்பு, இந்தக் கணக்கு எனக்குச் சரியாக வந்தது. ராத்திரி என்றால் பயமாக இருக்கும் என்று, "காலையில நாஸ்தாவுக்கு வரேன்" என்றும் சொல்லி வைத்தேன். வருகிற ஞாயிறு, 26ஆம் தேதி.

சர்க்கரை ஏன் நகரவில்லை என்று கேட்டாயே. விருந்துக்கு வருகிறவனை நடுவில் சாகவிடுவார்களா? நன்றாகத்தான் பார்த்துக்கொண்டது.

வருத்தப்படாதே. 286இல் போயிருந்தால் பஸ் ஸ்டாண்டு பரோட்டாவோடு போயிருப்பேன். இந்த ஏழு வருஷம் தினமும் எட்டு மணிக்கு உன் அம்மா உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவதைப் பார்த்தேன். அனு வளர வளர அவள் உட்கார்ந்த இடம் பாயில் பெரிதாகிக்கொண்டே வந்தது. நீ லீவுக்கு வந்து நாலு பேராக உட்கார்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணி வைத்திருக்கிறேன். எத்தனை ஆபீசர் வீட்டில் இது நடந்திருக்கும்?

எதிர் வீட்டுக்காரரைக் குடும்பத்தோடு சனிக்கிழமையே திருக்கழுக்குன்றம் போய்த் தங்கிக் கிரிவலம் சுற்றச் சொல்லியிருக்கிறேன். சௌகத் அலியை மதுராந்தகத்தில் அவன் மச்சான் வீட்டுக்குப் போகச் சொன்னேன். "இன்னா அண்ணாத்த, ஊரையே காலி பண்றே?" என்றான். அழைத்துப்போக வருகிற ஆள் எவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாது, சங்கரி. வழியில் யாரும் நிற்காமல் இருந்தால் நல்லது. எனக்குத் தெரிந்தவர்களிடம்தான் சொல்ல முடிந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு நாளாக அலைச் சத்தம் ஒழுங்காக இருக்கிறது, சாப்பிட உட்காரும் முன் பாய் தட்டுகிற மாதிரி. பேண்ட், சட்டை இஸ்திரி போட்டாயிற்று. வெறுங்கையோடு போகக் கூடாது என்று கேழ்வரகு அடை நாலு சுட்டு வைக்கப் போகிறேன். கருகும், உனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இனி எப்போதாவது எட்டு மணிக்கு, நீ சமையலறையில் இருக்கும்போது, பின்பக்கம் என் குரலில் "வாம்மா, சாப்பிடலாம்" என்று கேட்கும். அது நானாகவே இருக்கலாம். பழக்கம் விடாது, கூப்பிட்டுவிடுவேன். நீ ஓடி வந்துவிடாதே. மடியில் குழந்தை இருக்கும். இருந்த இடத்திலிருந்தே, அழாமல், "ஆச்சுப்பா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லு.

எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உன் அப்பா
செங்கல்வரா
(யன் அடியில் இருக்கிறது)